டீசல் லைனில் ஏர்: பழைய வண்டிகளில் அறிகுறி பார்த்துக் கசிவைப் பிடிப்பது

காலையில் ஹேண்ட் பிரைமரை (லைனுக்குள் டீசலை இழுத்துத் தள்ளக் கையால் அமுக்கும் சின்னப் பம்ப்) முப்பது நாற்பது தடவை அமுக்கிவிட்டுத்தான் செல்ஃப் அடிப்பது என்பதைச் சிலர் பழக்கமாகவே ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். பழைய டாடா 407, மஹிந்திரா ஜீப், டீசல் அம்பாசடர் வைத்திருப்பவர்களிடம் கேட்டால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. வண்டிக்கு முப்பது வயதானாலும், டீசல் லைன் ஒழுங்காக மூடியிருந்தால் ஒரு வாரம் நிறுத்திவைத்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினாலும் பிரைமரைத் தொடாமல் ஸ்டார்ட் ஆகும். தினமும் ஏர் எடுக்க (லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற) வேண்டியிருக்கிறது என்றால், தினமும் எங்கிருந்தோ ஏர் உள்ளே போகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் மறுநாள் அதே கதைதான்.

இன்னொரு பக்கம், இதே கோளாறுக்காக, நாஸில்களுக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்பும் பெரிய பம்பையே நேராகக் கழற்றிக்கொண்டுபோய் பம்ப் கடையில் கொடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பம்பைக் கழற்றினால் டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) மறுபடி வைக்க வேண்டும், செலவு ஆயிரக்கணக்கில் போகும். கடைசியில் பார்த்தால் ஒரு காப்பர் வாஷரோ ஒரு சாண் ஓஸோதான் காரணமாக இருக்கும். பம்பில் கை வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

இங்கே சொல்வதெல்லாம் மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டிகளுக்கு மட்டும். காமன் ரெயில் வண்டியில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும் புது வகை) இன்ஜின் ஓடும்போதோ செல்ஃப் அடிக்கும்போதோ, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாஸிலுக்குப் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்தவே கூடாது. அங்கே அழுத்தம் பல மடங்கு அதிகம்.

முதலில் டீசல் போகும் வழி

டேங்குக்குள் ஒரு பிக்கப் பைப் அடிவரை இறங்கியிருக்கும். அங்கிருந்து சேஸ் ஓரமாகப் பைப், இரண்டு முனையிலும் ரப்பர் ஓஸ், அப்புறம் பம்ப். இதில் வண்டிக்கு வண்டி ஒரு வித்தியாசம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் கசிவைத் தேடினால் தப்பான இடத்தில் தேடுவோம்.

இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சர் என்று வரிசையாக இருக்கும் நீளமான பம்ப்) என்றால் அதன் இடுப்பில் ஒரு சின்ன ஃபீட் பம்ப் ஒட்டியிருக்கும், ஹேண்ட் பிரைமரும் அதன் மேலேயே இருக்கும். டேங்கிலிருந்து இழுப்பதும், ஃபில்டர் வழியாகப் பெரிய பம்புக்குத் தள்ளுவதும் அதன் வேலை. ரோட்டரி பம்ப் (சுழலும் ஒரே தலையிலிருந்து எல்லாச் சிலிண்டருக்கும் டீசலைப் பிரித்துக் கொடுக்கும் பம்ப்) வண்டிகளில் பெரும்பாலும் தனியாக ஃபீட் பம்ப் கிடையாது. பம்புக்குள்ளேயே இருக்கும், சுழலும் தகடுகளால் இழுக்கும் வேன் பம்ப், ஃபில்டரைத் தாண்டி டேங்க் வரைக்கும் இழுத்துக்கொள்ளும். பிரைமர் ஃபில்டர் தலையில் இருக்கும். இரண்டையுமே நம் ஊரில் மைக்கோ பம்ப் என்றுதான் சொல்கிறோம். அந்தக் கம்பெனி 2008-லேயே பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டுவிட்டது, பட்டறைப் பேச்சு மட்டும் மாறவில்லை.

இழுக்கும் பக்கத்தில் கசிவு இருந்தால் இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்தால் சட்டை நனைவதில்லை, வாய்க்குக் காற்றுதான் வருகிறது, அதே விஷயம். தள்ளும் பக்கத்தில் கசிந்தால் டீசல் வெளியே வரும், ஈரம் தெரியும். ஆனால் இன்ஜின் நின்ற பிறகு அதே ஓட்டை வழியாகக் காற்று உள்ளே நுழையும், லைனில் இருக்கும் டீசல் மெதுவாக டேங்குக்கு இறங்கிவிடும்.

ஆக, ஃபில்டர் போல்ட் ஒன்று லேசாகத் தளர்ந்திருக்கிறது என்று வையுங்கள். இன்லைன் வண்டியில் ஃபில்டர் தள்ளும் பக்கத்தில் இருப்பதால் அங்கே டீசல் வடியும், பார்த்தவுடனே தெரியும். ரோட்டரி வண்டியில் அதே ஃபில்டர் இழுக்கும் பக்கத்தில் இருக்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சொட்டு ஈரம் இருக்காது, காற்று மட்டும் போய்க்கொண்டிருக்கும். "எங்கேயும் லீக் இல்லை, நல்லாப் பார்த்துட்டேன்" என்று சொல்லப்படும் வண்டிகளில் பல இந்த ரகம்தான்.

ராத்திரி நிறுத்தினால் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை

அதிகமாக வருகிற புகார் இது. பகலில் எத்தனை முறை நிறுத்தி எடுத்தாலும் பிரச்சினை இல்லை. காலையில் மட்டும் நீளமாகச் செல்ஃப் அடிக்க வேண்டும். அல்லது முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆகி, சில விநாடி ஓடி, தொண்டை அடைத்த மாதிரி நின்றுவிடும். அப்புறம் மறுபடி நீளமாக அடிக்க வேண்டும். இரண்டாவது வகையில் நடப்பது இதுதான்: பம்புக்குள் மிச்சமிருந்த டீசலில் இன்ஜின் ஓடுகிறது, அது தீர்ந்ததும் பின்னால் பைப்பில் காத்திருக்கும் காற்று வந்து சேர்கிறது.

ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் ஒருவரைச் சைலன்சர் பக்கம் நிற்கவைத்துச் செல்ஃப் அடியுங்கள். வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியத்தான் இல்லை என்று அர்த்தம். அப்போது பார்க்க வேண்டியது ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், பேட்டரி. டீசல் லைனில் நேரத்தை வீணாக்க வேண்டாம். புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. அதிலும் ஏரைச் சந்தேகிக்கும் முன் ஒரு நிமிடம் ஒதுக்கி, ஸ்டாப் கேபிள் பாதியில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ரோட்டரி பம்பில் ஸ்டாப் சோலினாய்டு இருந்தால் சாவியைத் திருப்பும்போது "டக்" என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் வயரில் கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கலாம்.

இது இரண்டும் சரியென்றால், அன்று ராத்திரி வண்டியைச் சரிவில் நிறுத்திப் பாருங்கள். முன்பக்கம் மேடாக நிறுத்தினால் காலையில் தொல்லை அதிகம், முன்பக்கம் பள்ளமாக நிறுத்தினால் தொல்லையே இல்லை என்றால் டீசல் டேங்குக்கு இறங்கிப்போகிறது என்பது உறுதி. இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

டீசல் கீழே இறங்க வேண்டுமானால் மேலே எங்கோ காற்று நுழைய வேண்டும். அதனால் உயரத்தில் இருக்கும் இணைப்புகளிலிருந்து தொடங்குங்கள். என் பட்டியலில் முதலிடம், மிஞ்சிய டீசலை டேங்குக்குத் திருப்பும் நாஸில் ரிட்டர்ன் ஓஸுக்கு. ஒவ்வொரு நாஸில் தலையிலிருந்தும் அடுத்ததற்குப் போகும், பென்சில் பருமனில் நூல் சுற்றிய சின்ன ஓஸ். இன்ஜின் சூட்டில் வெந்து கொஞ்ச காலத்தில் விறைத்துப்போகும். விரலால் வளைத்தால் வெடிப்பு தெரியும், நூல் கருத்து டீசல் ஊறியிருக்கும். கடைசி நாஸிலின் ஓரத்தில் ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும், அதையும் பாருங்கள். மீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கிற சாமான். ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாத் துண்டுகளையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. நாஸில் காம்பிலிருந்து பழைய ஓஸை இழுத்துப் பிடுங்காதீர்கள், பிளேடால் நீளவாக்கில் கீறி எடுங்கள். காம்பு வளைந்தால் ஓஸ் செலவு நாஸில் செலவாகிவிடும்.

அடுத்தது ஃபில்டர் தலை, அதன் பான்ஜோ போல்ட்டுகள் (உள்ளே இருக்கும் துளை வழியாக டீசல் போகும் போல்ட்), ஏர் ஸ்க்ரூ (காற்றை வெளியேற்றத் தளர்த்தும் திருகு). அதற்கப்புறம் பம்பின் மேல் இருக்கும் ஓவர்ஃப்ளோ வால்வு. இன்லைன் பம்பில் இதற்குள் ஒரு ஸ்பிரிங்கும் குண்டும் இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ குண்டுக்கு அடியில் தூசி உட்கார்ந்தாலோ பம்புக்குள் அழுத்தம் நிற்காது. அந்த வால்வைக் கழற்றிவிட்டு, அளவு ஒன்றாக இருக்கிறது என்று சாதாரண பான்ஜோ போல்ட்டை மாட்டிவைத்திருக்கும் வண்டிகளும் உண்டு. ரோட்டரி பம்பில் ரிட்டர்ன் போல்ட்டின் தலையில் அவுட் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும், அதன் பக்கவாட்டில் ஊசி முனை அளவுக்கே துளை. உள்ளே போகும் பக்கத்துப் போல்ட்டில் துளை பெரியது. இரண்டும் மாறிப்போனால் வண்டி ஏர் பிடித்த மாதிரியே நடந்துகொள்ளும், நீங்களும் இல்லாத கசிவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சந்தேகமான இணைப்பை உறுதிப்படுத்த, சாயங்காலம் இன்ஜினை நிறுத்தியதும் அதைப் பனியன் வேஸ்டால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நியூஸ் பேப்பரை இரண்டு விரல் அகலத்தில் கிழித்துச் சுற்றிக் கட்டிவையுங்கள். காலையில் பேப்பரில் எண்ணெய்க் கறை வளையமாக விழுந்திருந்தால் அந்த இணைப்பு கசிகிறது. துடைப்பதற்கு முன்பே தெரிகிற தடயமும் உண்டு. காய்ந்த இடத்தில் புழுதி பழுப்பாக இருக்கும், டீசல் ஊறும் இடத்தில் கருப்புச் சேறாக ஒட்டியிருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐட்லிங் ஏறி இறங்குகிறது, மிஸ் ஆகிறது

இங்கே காற்று ராத்திரி நுழையவில்லை, இப்போதே நுழைந்துகொண்டிருக்கிறது. கண்ணால் பார்த்துவிடலாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி மாதிரி டியூப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஓஸின் உள்ளளவுக்குப் பொருந்துவதாக இரண்டு அடி வாங்கிக்கொள்ளுங்கள். பம்புக்குள் டீசல் போகும் இடத்துக்குச் சற்று முன்னால் ஓஸைக் கழற்றி இந்த டியூப் துண்டை இடையில் மாட்டி, கிளிப் போட்டு, இன்ஜினை ஓட்டிப் பாருங்கள்.

முதல் ஒன்றிரண்டு நிமிடம் கழற்றி மாட்டும்போது புகுந்த காற்று போகும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதற்கப்புறமும் குமிழிகள் வரிசையாக வந்தால் கசிவு டியூபுக்கும் டேங்குக்கும் இடையில் இருக்கிறது. டியூப் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் இன்ஜின் திணறுகிறது என்றால் கோளாறு அதற்கப்பால். குமிழி வந்தால் டியூபைக் கழற்றி லைனின் பாதி வழியில் மாட்டுங்கள். அங்கேயும் வந்தால் பின்பாதி, வராவிட்டால் முன்பாதி. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் மூன்று நான்கு மாற்றத்தில் குற்றவாளி ஒரு சாண் நீளத்துக்குள் அகப்பட்டுவிடும். ரிட்டர்ன் லைனில் எப்போதாவது சின்னக் குமிழி தெரிந்தால் பயப்பட வேண்டாம், பார்க்க வேண்டியது உள்ளே போகும் லைனைத்தான்.

அந்த ஒரு சாணில் இரண்டு மூன்று இணைப்புகள் இருந்தால் ஒவ்வொன்றின் மேலும் கெட்டியாகக் கிரீஸ் அப்பிப் பாருங்கள். கசியும் வாயில் கிரீஸ் அடைத்ததும் டியூபில் குமிழி குறையும், சில சமயம் முழுசாகவே நிற்கும். கிரீஸ் நடுவில் ஒரு சின்னக் குழி விழுவதும் உண்டு, காற்று இழுக்கும் இடம் அதுதான். அதற்காகக் கிரீஸை அப்படியே விட்டுவிட்டு ஓட்டக் கூடாது, சோதனை முடிந்ததும் துடைத்துவிட்டு இணைப்பைச் சரிசெய்யுங்கள். கண்ணாடி டியூபையும் அப்படியே விடாதீர்கள். டீசலும் சூடும் பட்டு அது சில வாரத்தில் மரக்கட்டை மாதிரி ஆகி, கிளிப்புக்கு அடியில் வெடிக்கும். கோளாறைக் கண்டுபிடிக்கப் போட்ட டியூபே அடுத்த கோளாறு ஆகிவிடும்.

டியூப் கிடைக்காத இடத்தில் நின்றுவிட்டால் கேன் சோதனை இருக்கிறது. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் எடுத்து, ஃபீட் பம்புக்கு வரும் ஓஸைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராக ஒரு ஓஸ் கொடுங்கள். ரோட்டரி வண்டியானால் ஃபில்டருக்குள் வரும் இடத்தில் கொடுக்கலாம். கேனைத் தரையில் வையுங்கள். கேனில் ஓடும்போது வண்டி சரியாகிவிட்டால் டேங்கிலிருந்து அந்த இடம் வரைக்கும்தான் பழுது. கேனிலும் திணறினால் ஃபீட் பம்ப், ஃபில்டர், பெரிய பம்ப் இந்தப் பக்கம். பலர் கேனை மட்கார்டு மேலேயோ கூரை மேலேயோ தூக்கி வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் டீசல் தானாக இறங்கிவரும், பம்ப் இழுக்க வேண்டிய அவசியமே இருக்காது. பம்புப் பக்கத்துக் கசிவு மறைந்துபோய், பழியெல்லாம் டேங்க் லைன் மேல் விழும். வழியில் நின்ற வண்டியை வீடு கொண்டுவந்து சேர்க்க மேலே வைப்பது நல்ல யோசனைதான். சோதனைக்குத் தரை.

டேங்கில் டீசல் குறைந்தால் மட்டும் கோளாறு

அரை டேங்க் இருக்கும்வரை வண்டி நன்றாக ஓடும். கால்வாசிக்குக் கீழே போனதும் திணறும், மறுபடி நிரப்பினால் சரியாகிவிடும். டேங்குக்குள் இருக்கும் பிக்கப் பைப்பில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது, அல்லது பற்றவைப்பு விட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம். டீசல் அந்த ஓட்டைக்கு மேலே நிற்கும்வரை ஓட்டையாலும் டீசல்தான் உள்ளே போகும். மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்று போகத் தொடங்கும். எந்த மட்டத்தில் கோளாறு ஆரம்பிக்கிறதோ அந்த உயரத்தில்தான் ஓட்டை. வெளியே இருக்கும் எல்லா ஓஸையும் மாற்றிவிட்டுக் கடைசியில் டேங்கைத் திறப்பவர்கள் நிறையப் பேர், கேஜ் முள்ளைக் கவனித்திருந்தால் முதலிலேயே திறந்திருக்கலாம்.

பிக்கப் பைப்பைக் கழற்றி, ஒரு முனையை விரலால் அடைத்து, தண்ணீரில் முக்கி, மறுமுனையில் சைக்கிள் பம்பால் காற்று அடித்தால் ஓட்டை தெரிந்துவிடும். டேங்கையே பற்றவைக்க நினைத்தால் அது ரேடியேட்டர், டேங்க் வேலை தெரிந்தவர் செய்ய வேண்டியது. காலி டீசல் டேங்கில் வெல்டிங் வைத்தால் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

கொல்லிமலை மாதிரி எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறும் பாதையில், டேங்கில் கொஞ்சமே டீசல் இருக்கும்போது திருப்பத்துக்குத் திருப்பம் திணறுவது வேறு கதை. டீசல் ஒரு பக்கமாகச் சாய்ந்து பைப்பின் வாய் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். நிரப்பிவிட்டு ஏறுங்கள். அப்படி ஒருமுறை உள்ளே போன காற்று தானாக வெளியேறாமல் இன்ஜின் நின்றுபோனால் ஏர் எடுக்க வேண்டிவரும்.

மேட்டில் இழுவை இல்லை, காலை எடுத்தால் மறுபடி வருகிறது

இதைக் கேட்டதும் ஏர் என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் அடைப்பைப் பாருங்கள். டேங்க் மூடியைத் தளர்த்தும்போது "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்குக்குள் வலையில் சேறு, ஃபீட் பம்பின் அடியில் இருக்கும் கிண்ணத்து வலையில் தூசி, பழைய ஃபில்டர், உள்ளே தோல் உரிந்து மடங்கிக்கொண்ட ஓஸ் என்று வரிசையாகப் பாருங்கள். அடைப்பு இருந்தால் பம்ப் இன்னும் பலமாக இழுக்கும். சாதாரணமாகக் காற்று போகாத லேசான தளர்விலும் அப்போது காற்று போகும். அதனால் டியூபில் குமிழி தெரிந்தாலும் அடைப்பை நீக்கிவிட்டு மறுபடி பாருங்கள், பாதி வழக்குகளில் குமிழியும் சேர்ந்தே போய்விடும்.

ஃபில்டர் மாற்றியதிலிருந்துதான்

நேற்று வரை நன்றாக இருந்தது, ஃபில்டர் மாற்றியதும் ஏர் பிடிக்கிறது. கை வைத்த இடத்தில்தான் தப்பு, வேறெங்கும் தேட வேண்டாம். பழைய ரப்பர் வளையம் தலையின் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் புது வளையத்தை வைத்து இறுக்கியிருப்பார்கள். இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்று ஒருநாளும் சீராக உட்காராது. அல்லது வளையம் பள்ளத்தை விட்டு நழுவி ஒரு பக்கம் பிதுங்கியிருக்கும். நடுப் போல்ட்டின் வாஷரைப் பழையதையே போட்டிருப்பார்கள். கழற்றி, பள்ளத்தைத் துடைத்து, வளையத்தில் டீசல் தடவி, கையால் சுற்றிப்பார்த்து உட்காரவைத்து மாட்டுங்கள்.

பிரைமரை எவ்வளவு அமுக்கினாலும் இறுகவே இல்லை

ஏர் போய் லைன் நிரம்பினால் பிரைமர் கைக்குக் கெட்டியாகும். எத்தனை அமுக்கினாலும் தொளதொளவென்றே இருந்தால், டேங்கில் டீசல் இருக்கிறதா என்று (சிரிக்காதீர்கள், கேஜ் பொய் சொல்லும்) முதலில் பாருங்கள். அப்புறம் கேன் சோதனை. கேனை நேராகக் கொடுத்தும் இறுகவில்லை என்றால் ஃபீட் பம்புக்குள் இருக்கும் இரண்டு வால்வுகளில் ஒன்று சரியாக உட்காரவில்லை. பெரும்பாலும் ஒரு துளி மண்தான் காரணம், கழற்றிச் சுத்த டீசலில் கழுவினாலே போதும். பிரைமரின் உள்ளே இருக்கும் ஓ-ரிங் தேய்ந்திருந்தால் குமிழைத் தூக்கும்போது தண்டு ஓரமாக டீசல் கசியும். பிரைமரை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம்.

வேலை முடிந்ததும் குமிழைக் கீழே அமுக்கித் திருகிப் பூட்ட வேண்டும். பூட்டாமல் விட்டால் அந்த வழியாகவே காற்று இழுக்கும். சாலையோரத்தில் அவசரமாக ஏர் எடுத்துவிட்டுக் கிளம்பிய வண்டி பத்து கிலோமீட்டரில் மறுபடி நிற்பதற்குப் பலமுறை இதுவே காரணம்.

டீசல் ஈரம் தெரிகிறது, அல்லது ஆயில் மட்டம் ஏறுகிறது

ஈரம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. துடைத்துவிட்டு இன்ஜினை ஓட்டி, முதலில் எங்கே நனைகிறது என்று பார்க்க வேண்டியதுதான். ரோட்டரி பம்பில் ஆக்சிலேட்டர் லீவர் உட்காரும் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்து, ஆட்டும்போது டீசல் துளிர்த்தால் உள்ளே இருக்கும் ஓ-ரிங்கும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன. இங்கே பகலில் டீசல் வெளியே, ராத்திரியில் காற்று உள்ளே. இது பம்ப் கடை வேலை.

நாஸிலுக்குப் போகும் இரும்புப் பைப்பில் கசிவு இருந்தால் விரலை வைத்துத் தேடாதீர்கள். நூறு பாருக்கு மேல் அழுத்தத்தில் வரும் டீசல் ஊசி மாதிரித் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாகவே இருக்கும், உள்ளே சதை அழுகும். அப்படி நடந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் டீசல் உள்ளே போய்விட்டது என்று சொல்ல வேண்டும். தேடுவதற்கு அட்டைத் துண்டு போதும்.

டிப்ஸ்டிக்கில் இன்ஜின் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது, ஆயில் தண்ணியாக இருக்கிறது, டீசல் வாசனை அடிக்கிறது என்றால் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். ஃபீட் பம்பின் தண்டோ பெரிய பம்பின் சீலோ தேய்ந்து டீசல் உள்பக்கமாக இறங்குகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது. டீசல் கலந்த ஆயிலில் பேரிங் போகும், மட்டம் மிகவும் ஏறினால் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு கட்டுக்கு அடங்காமல் ரேஸ் ஆகும் ஆபத்தும் உண்டு.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது

காப்பர் வாஷர் ஒருமுறை நசுங்கினால் கெட்டியாகிவிடும், மறுபடி அதே இடத்தில் அடைக்காது. புதுசு போடுங்கள். கிடைக்காத ஊரில் பழையதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மெத்தென்று ஆகும். இரும்புக்கு நடப்பதற்கு நேர் எதிர். கண்ணாடி மேல் மெல்லிய எமரி பேப்பர் வைத்து இரண்டு முகத்தையும் தேய்த்துவிட்டு மாட்டலாம். அலுமினிய வாஷரில் இந்த வேலை வேண்டாம், உருகிவிடும். கசிகிறது என்று பான்ஜோ போல்ட்டை மேலும் மேலும் முறுக்காதீர்கள். உள்ளே பொள்ளலான போல்ட் அது, கழுத்தில் முறியும்.

ஓஸைக் கட்டுக்கம்பியால் முறுக்குவது நம் ஊர் வழக்கம். கம்பி முறுக்கு விழும் இடத்தில் மட்டும் இறுகும், எதிர்ப்பக்கம் இடைவெளி விடும். தண்ணீர் லைனுக்கு ஓடும், டீசல் இழுக்கும் லைனுக்கு ஓடாது. முழு வட்டமாகப் பிடிக்கும் சின்ன கிளிப் வாங்குங்கள். ஓஸும் டீசலுக்கென்று விற்பதாக இருக்க வேண்டும். தண்ணீர் ஓஸ் டீசலில் ஊதிப்போய் உள்ளே உரியும்.

2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் வருவது பிஎஸ் 6 (மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல். கந்தகம் பிஎஸ் 4-ல் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு), இதில் 10 பிபிஎம். கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் மற்ற சேர்மானமும் கொஞ்சம் மாறுகிறது. பழைய டீசலில் பல வருடம் ஊதி உட்கார்ந்திருந்த ரப்பர் சீல்கள் புது டீசலில் சுருங்கிக் கசியலாம். வயதான சீல் எப்படியும் மாற்ற வேண்டியதுதான், ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் வேலை ஒருமுறையோடு போகும்.

ஏர் எடுக்கும் முறை

இன்லைன் வண்டியில் டேங்குக்கு அருகிலிருந்து இன்ஜினை நோக்கி வர வேண்டும். ஃபில்டரின் மேல் ஏர் ஸ்க்ரூவை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தி, பிரைமரை அடியுங்கள். முதலில் நுரை, அப்புறம் குமிழியும் டீசலும் கலந்து, கடைசியில் குமிழி இல்லாத டீசல் வரும். டீசல் வந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். நிறுத்திவிட்டு இறுக்கினால் கடைசி மூச்சுக் காற்று உள்ளே போய்விடும். இரண்டு ஃபில்டர் இருந்தால் இரண்டிலும் செய்து, பிறகு பம்பின் பக்கவாட்டு ஸ்க்ரூவிலும் இதே மாதிரி. ரோட்டரி பம்பில் பெரும்பாலும் அப்படி ஸ்க்ரூ இருக்காது. ஃபில்டர் பிரைமரை, ரிட்டர்ன் ஓஸில் குமிழி நிற்கும்வரை அமுக்கினால் போதும்.

இதோடு ஸ்டார்ட் ஆகாவிட்டால் இரண்டு நாஸில் பைப்பின் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, ஸ்டாப் நாப் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்துச் செல்ஃப் அடியுங்கள். நட்டு ஓரத்தில் டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்கலாம். சுற்றிலும் வேஸ்ட் சுற்றிவையுங்கள், எக்ஸாஸ்ட் மேல் டீசல் படக் கூடாது. ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் அடிக்காமல், நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள். இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டார் சுட்டுப்போகும். பொறுமை இழந்து ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அது குழாய்க்குள்ளேயே பற்றும், பிஸ்டன் உடையும்.

சரியானது என்று முடிவு கட்ட ஒரு நாள் ஓட்டம் போதாது. கண்ணாடி டியூபைக் கழற்றிவிட்டு, டேங்க் கால்வாசி இருக்கும்போது, முன்பக்கம் மேடாக ஒரு ராத்திரி நிறுத்துங்கள். காலையில் பிரைமரைத் தொடாமல் ஸ்டார்ட் ஆகி ஐந்து நிமிடம் ஐட்லிங் சீராக நின்றால் கசிவு போய்விட்டது. நிற்காவிட்டால், டேங்கிலிருந்து பம்ப் வரை எல்லாம் சரி என்று டியூப் சோதனையும் கேன் சோதனையும் சொல்லியிருந்தால், இப்போது பம்பைக் கழற்றலாம். கடையில் கொடுக்கும்போது இந்த இரண்டு சோதனையின் முடிவையும் சொல்லிக் கொடுங்கள், ஷாஃப்ட் சீலையும் மேல் மூடி கேஸ்கெட்டையும் முதலில் பார்ப்பார்கள்.